பீரோ சீன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ரெட்டை மண்டை’ என்ற படத்தை நான் பார்த்ததில்லை. ஓசூரில் அது பதினோரு நாள் ஓடியது. என் பேச்சைக் கேட்டு நான்கு பேர் அந்தப் படத்துக்குப் போகாமல் இருந்தார்கள். அதை நான் அப்போது ஒரு சாதனையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, சினிமா எனக்குத் தெரியும் என்ற தலைக்கனம். கும்பகோணத்துக்காரன் வேறு. வாரப் பத்திரிகை கைக்கு வந்ததும் ராசிபலனுக்கு முன்னால் சினிமா விமர்சனத்தைத் தேடிப் படிப்பேன். ‘சுமார்’ என்று போட்டிருந்தால் எனக்கும் சுமார். ‘தவிர்க்கலாம்’ என்று போட்டிருந்தால் தியேட்டர் இருக்கும் தெருவுக்கே போகமாட்டேன்.

எண்பத்து நான்கில் ஓசூருக்கு வந்தேன். சிப்காட்டில் ஒரு இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. மத்திகிரியில் வரிசையாக ஓடு போட்ட ஆறு வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். இடது பக்கத்து வீடு லால் பாஷாவுடையது, வலது பக்கத்து வீடு கரியப்பனுடையது. இரண்டு பேரும் எங்கள் தொழிற்சாலையில்தான் மோல்டர்கள், மண் அச்சில் இரும்பு ஊற்றுகிறவர்கள். நடுவில் நான். காலையில் பல் தேய்க்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேச்சை ஆரம்பிப்பார், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் முடிப்பார், நடுவில் நான் வாயில் நுரையோடு நிற்பேன்.

அவர்களுக்கு இருந்தது ஒரே சைக்கிள். பாதிப் பாதி போட்டு வாங்கியது. பன்னிரண்டு வருடமாக அதில்தான் வேலைக்குப் போய்வந்தார்கள். காலையில் கரியப்பன் மிதிப்பார், லால் பாஷா கேரியரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். மாலையில் ஆள் மாறிக்கொள்வார்கள். லால் பாஷாவின் மகள் சபீஹா சின்னவளாக இருந்தபோது முன் பாரில் ஒரு குட்டி சீட்டு மாட்டி அவளையும் ஏற்றிக்கொண்டு போய் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்களாம். அந்த சீட்டு மாட்டிய தழும்பு இன்னும் பாரில் இருந்தது.

எண்பத்து ஏழு அக்டோபரில் புதிதாக ஒரு உலை போட்டார்கள். இவர்களை இரண்டு மாதத்துக்கு வேறு வேறு ஷிப்டில் பிரித்தார்கள். கரியப்பனுக்குக் காலை ஷிப்டு, லால் பாஷாவுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்டு. காலை ஐந்தரைக்கும் பஸ் கிடையாது, ராத்திரி பத்துக்கும் பஸ் கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் கரியப்பன் சைக்கிளில் போய் கேட்டில் நிறுத்திவிட்டு, வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வீடு திரும்பவேண்டும். ராத்திரி லால் பாஷா அதை ஓட்டிக்கொண்டு வரவேண்டும். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. நான்காவது வாரம் ஒரு மழை நாளில் கரியப்பன் வேலை முடிந்த களைப்பில் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் சைக்கிளை எடுத்து மிதித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ராத்திரி லால் பாஷா கொட்டுகிற மழையில் அவ்வளவு தூரமும் நடந்து வந்தார். நான்கு நாள் காய்ச்சல்.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும், “கூட வந்தவன வழியில வுட்டுட்டுப் போறவன்டா நீ” என்று சொல்லிவிட்டார். கரியப்பன் முகம் கறுத்துப்போய் உள்ளே போனார். சாயங்காலம் ஸ்பானரோடு வெளியே வந்தார். “இனிமே கூட்டு வேணாம், பிரிச்சிக்கலாம்” என்றார்.

பிரித்தார்கள் என்றால் வாய்ப்பேச்சுக்கு அல்ல. நிஜமாகவே கழற்றினார்கள். முன் சக்கரம், ஹேண்டில் பார், பெல், செயின் லால் பாஷாவுக்கு. பின் சக்கரம், கேரியர், ஃப்ரேம், சீட்டு கரியப்பனுக்கு. நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாளிலிருந்து பஸ் இல்லாத நேரத்தில் ஒருவர் காலையில் நடந்து போனார், இன்னொருவர் ராத்திரி நடந்து வந்தார்.

டிசம்பரில் பழைய ஷிப்டு திரும்பிவந்தது, ஒரே டவுன் பஸ்ஸில் முன் வாசலில் ஒருவரும் பின் வாசலில் ஒருவருமாக ஏறிப் போனார்கள். கூடவே வந்தது வம்பு. எங்கள் தொழிற்சாலையில் உருகிய இரும்பை லேடில் என்ற வாளியில் பிடித்து இரண்டு ஆள் தூக்கிப் போவார்கள். நீளக் கம்பி, நடுவில் லேடில், முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள். கால் ஒன்றாக விழவேண்டும். மோல்டுக்கு மேலே போனதும் பின்னால் இருப்பவர் ‘நில்லு’ என்பார், ‘சாய்’ என்பார். ஒரு நொடி தப்பினால் சிந்துவது தண்ணீர் இல்லை. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினால் ஒரு சொட்டு சிந்தாது என்று பேர். அதனால் சூப்பர்வைசர் மறுபடியும் இவர்களையே ஜோடி போட்டார். பேச்சுவார்த்தை இல்லாத ஜோடி! ஆகவே இருமினார்கள். ஒரு இருமல் என்றால் நட, இரண்டு இருமல் என்றால் நில், கனைத்தால் சாய். ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசர் என்னிடம் வந்து, “ரெண்டு பேரையும் எக்ஸ்ரே எடுக்க அனுப்பலாமா சார்?” என்று கேட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஜனவரி வரும்வரை. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சபீஹாவுக்கு நிக்காஹ் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்குப் பர்கூர், கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் வேலை. நல்ல இடம். ஆனால் வரிசையில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். சைவப் பந்திக்கு யார் கரண்டி?

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். லால் பாஷா வீட்டில் விசேஷம் என்றால் பிரியாணி அண்டா ஒரு பக்கம் வேகும். அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்றவர்கள். அதில் கறி சாப்பிடாதவர்கள், சனிக்கிழமை விரதக்காரர்கள், மலைக்கு மாலை போட்டவர்கள் என்று பலவிதம். அவர்களுக்குத் தனியாக அடுப்பு மூட்டி, தனிப் பாத்திரத்தில் சமைத்து, தனிப் பந்தி போடவேண்டும். அந்த அடுப்பை வீட்டுக்காரர் தொடமாட்டார். அவருக்கு நெருங்கின இந்து வீட்டு சினேகிதர் ஒருவர்தான் முன்னின்று நடத்துவார். அவர் கையில் கரண்டி இருந்தால்தான் விருந்தாளி சந்தேகமில்லாமல் இலையில் உட்காருவான். சபீஹா பிறந்து பெயர் வைத்ததிலிருந்து அந்த வீட்டில் அந்தக் கரண்டி கரியப்பனுடையது. அதை வேறு ஒருவரிடம் கொடுத்தால் அது சமையல் ஆள் மாற்றுவது ஆகாது, சினேகிதத்தையே முறித்துக்கொண்டோம் என்று ஊருக்குச் சொல்வது ஆகும்.

லால் பாஷா கேட்கமாட்டேன் என்றார். கரியப்பன் கேட்காமல் வரமாட்டேன் என்றார்.

நான் சமாதானம் பேசப் போனேன். பெரிய மனுஷன் தோரணையில், “பாய், சினேகிதம்னா விட்டுக்கொடுக்கணும்” என்று ஆரம்பித்தேன். லால் பாஷா மரியாதையாக டீ கொடுத்து, கேட்டு முடித்து, “சார், உங்களுக்கு ஓசூர்ல சினேகிதக்காரங்க எத்தினி பேரு?” என்றார். யோசித்துப் பார்த்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் ‘ரெட்டை மண்டை’ வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு லால் பாஷா தனியாகப் போனார். கரியப்பனும் தனியாகப் போனார். ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாது. இது எனக்குத் தெரிந்தது இரண்டு நாள் கழித்து, அவரைக்கொட்டை பிதுக்கும் இடத்தில்.

ஜனவரியில் எங்கள் பக்கம் பனி கொட்டும். அவரைக்காய் சீசன். சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், தெருவெல்லாம் அந்தப் பச்சை வாசம். கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் ஒவ்வொன்றாக விரலில் வைத்து அழுத்தித் தோலைக் கழற்றவேண்டும். அதுதான் பிதுக்கப்பருப்பு. குழம்பு வைத்து ராகிக் களியோடு தின்றால் வேறு சோறு கேட்காது. ஆனால் பிதுக்குகிற வேலை இருக்கிறதே, பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்தால்தான் ஆகும். ஆண்கள் பேசாவிட்டால் என்ன, அவரைக்கொட்டை கேட்குமா? லால் பாஷாவின் மனைவி ஃபகருன்னிசாவும் கரியப்பனின் மனைவி சாந்தம்மாவும் என் வீட்டுப் பின்கட்டில்தான் முறத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். என் வீடு பொது இடம் என்பது அவர்கள் கணக்கு. அன்று சபீஹாவும் இருந்தாள். நான் வேலை விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஃபகருக்கா, ஒன்னு சொல்றேன், சிரிக்கக்கூடாது” என்றாள் சாந்தம்மா. “எங்கூட்டு ஆளு ஞாயித்துக்கெழம படம் பாத்துட்டு வந்துச்சா, வந்ததுலேருந்து சோறு திங்கும்போது தானா சிரிக்குது. இன்னாய்யான்னு கேட்டா, ‘ஒரு பீரோ சீனு’ன்னு சொல்லிட்டு நிறுத்திக்குது. சொல்லேன்யான்னா, ‘உனக்குச் சொன்னா புரியாது, போ’ங்குது.”

ஃபகருன்னிசா பிதுக்குவதை நிறுத்தினாள். “ரெட்டை மண்டை?”

“ஆமா.”

“யா அல்லா! எங்க ஆளும் அதே படந்தான்! ரெண்டு நாளா குளிக்கிற எடத்துல ஒரே சிரிப்பு. நான் பயந்து போய் கதவ தட்டினேன். ‘ஒண்ணுமில்ல, பீரோ’ங்கறாரு. கல்யாணத்துக்கு வாங்கின பீரோவுல இன்னாவோ கோளாறுன்னு நான் போய் கதவத் தெறந்து தெறந்து பாத்துக்கினு இருக்கேன்!”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்து பருப்பு கொட்டியது. சாந்தம்மாதான் முதலில் அடங்கினாள்.

“அக்கா, இத்தக் கேளு. தேட்டர்ல உங்க ஆளு சிரிக்கறத எங்க ஆளு கேட்டுச்சாம். இருட்டுல மொகம் தெரில. ஆனா அந்தச் சிரிப்பு இருக்குதே, மொதல்ல விசிலு மாதிரி இழுத்து அப்பறம் தொபால்னு வுழுமே, அது அவனோடதுதான், நாலு வரிசைக்கு முன்னாடி அவன்தான்னுச்சு. சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிக்கிச்சு. கண்ணுல தண்ணி.”

ஃபகருன்னிசா கீழே கொட்டிய பருப்பை அள்ளி முறத்தில் போட்டாள். “எங்க ஆளு நேத்து இன்னா சொன்னாரு தெரியுமா? ‘இத்த சொல்லிச் சிரிக்கறதுக்குன்னு ஒருத்தன் இருந்தான், அவன் இல்லாம சிரிச்சா வவுறு வலிக்குது’ன்னாரு.”

சபீஹா என்னைப் பார்த்தாள். பத்தொன்பது வயசுப் பெண். அழுகிற ஜாதி இல்லை. “ஸ்டோர் சார், உங்களுக்குத்தான் படமெல்லாம் தெரியுமே. அந்த பீரோ சீன்ல இன்னா இருக்குது?”

நான் கெத்தாகச் சொன்னேன், “அந்தப் படமே குப்பைம்மா. பத்திரிகையில கிழிச்சிருப்பான், வியாழக்கிழமை வரட்டும், பாரு.”

“குப்பையோ கிப்பையோ” என்றாள் சபீஹா. “கரியப்பன் மாமா வரலேன்னா எனக்கு இந்தக் கல்யாணம் கல்யாணமாவே இருக்காது சார். அத்தாவுக்குத் தெரியாம அந்த முன் சக்கரத்துக்கு வாரா வாரம் எண்ணெ போட்டுக்கினு இருக்கேன், துருப்புடிக்காம.”

நான் ஈரக் காலோடு உள்ளே போய்விட்டேன்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. நான் எதிர்பார்த்தபடியே கிழித்திருந்தான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு எடுத்துப் போனேன். லால் பாஷா வழக்கம்போல் ஜன்னல் பக்கம், கரியப்பன் கை கழுவுகிற பக்கம். ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், சமாதானம் செய்கிற எண்ணம் எனக்கு அப்போது இல்லை. நான் சொன்னது சரி என்று காட்டவேண்டும், அவ்வளவுதான். மோல்டர் முனிசாமி படம் பார்த்தவன். “பிரமாதம் சார்” என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

“கேளுய்யா. ‘கதை என்று மருந்துக்கும் இல்லை. இரண்டு தடியர்கள் இரண்டரை மணி நேரம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். இதற்குச் சிரித்தவர்களுக்கு நம் ஆழ்ந்த அனுதாபங்கள்.’”

ஜன்னல் பக்கத்திலிருந்து லால் பாஷா, “யாருக்கு சார் அனுதாபம்?” என்றார்.

“சிரிச்சவங்களுக்குப் பாய்.”

“எழுதினவன் படத்தப் பாத்தானா, இல்ல, தேட்டர் வாசல்ல போஸ்டரப் பாத்துட்டுப் போயிட்டானா?”

“பெரிய விமர்சகர் பாய் அவரு.”

“பீரோ சீனுக்குக்கூடவா சிரிக்கல அந்தப் பெரிய மனுசன்?” இது கை கழுவுகிற பக்கத்திலிருந்து. கரியப்பன் இந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

லால் பாஷா அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “அதத்தான் சார் நானும் கேக்கறேன். பீரோ சீனுக்குச் சிரிக்காதவன் மனுசனா?” என்றார்.

“பீரோவ எறக்கி வெச்சிட்டு டீ குடிப்பானே, அதுக்குமா சிரிக்கல? கேளுங்க சார்” என்றார் கரியப்பன்.

“டீய ரெண்டு கெளாசு வாங்குவானே, அத்த வுட்டுட்டாரே! சொல்லுங்க சார் அவருக்கு.”

“வுடல சார். அதுக்குத்தான் வரேன்னு சொல்லுங்க.”

இரண்டு பேரும் என்னிடமே பேசினார்கள். நான் தபால் பெட்டி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தேன். கேன்டீனில் மற்ற சத்தமெல்லாம் குறைந்தது. திடீரென்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், “நீங்க படம் பாத்தீங்களா சார்?”

“நான்... இல்லை. அதுதான் விமர்சனம்...”

“பாக்காமயேவா!” என்று கேன்டீனே கூவியது. அன்று எனக்கு நடந்த மரியாதை எதிரிக்கும் வேண்டாம். தட்டைத் தட்டினார்கள். முனிசாமி, “சார் பொண்ணும் இப்டித்தான் பாக்காம கட்டுவாரு” என்றான். எனக்குக் காது சிவந்துவிட்டது.

“சாருக்குக் காட்டணும்” என்றார் லால் பாஷா, எழுந்து.

“காட்டினாத்தான் தெரியும்” என்றார் கரியப்பன், எழுந்து.

சீன் இதுதான். பட்டாணி, பாலு என்று இரண்டு சினேகிதர்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு பீரோ கொண்டுபோகிறார்கள். வழியில் பட்டாணி பீரோவுக்குள் படுத்துத் தூங்க, கதவு பூட்டிக்கொள்கிறது. பாலுவுக்கு அது தெரியாது. பட்டாணியைக் காணோமே என்று, அவன் உள்ளே இருக்கும் அதே பீரோவை முதுகில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் அவனைத் தேடுகிறான், டீ குடித்தால் அவனுக்கும் ஒரு கிளாஸ் வாங்கி வைக்கிறான்.

லால் பாஷா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு போர்த்தி முகத்தை மூடிக்கொண்டார். “இதான் பீரோ” என்றது துண்டு. கரியப்பன் முன்னால் வந்து குனிந்து நின்றார். லால் பாஷா அவர் தோளில் இரண்டு கையையும் வைத்து முதுகில் சாய்ந்தார். கரியப்பன் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனார்.

“அண்ணே, எங்க பட்டாணியப் பாத்தீங்களா? ஒல்லியா இருப்பான், மூக்கு மட்டும் முன்னாடி வரும். வேலைக்கு ஆவமாட்டான், சோத்துக்கு மொத ஆளு. பாத்தீங்களா?”

ஆட்கள் சாப்பாட்டைத் துப்பிச் சிரித்தார்கள். கரியப்பன் நின்று, பின்னால் கைவிட்டு லால் பாஷாவின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். “டேய் பட்டாணி, உள்ள இருக்கியா?”

துண்டுக்குள்ளிருந்து கம்மிய குரல், “இல்ல, ஊருக்குப் போயிட்டேன்.”

“செரி, வந்ததும் சொல்லு.” மறுபடி நடை.

நான் சிரித்தேன். மானம் போனால் போகிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கரியப்பன் ஒரு சுற்று முடித்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வியர்த்திருந்தது. என்னைப் பார்த்துப் பேசினார்.

“அந்தப் பட்டாணி இன்னா நெனச்சிக்கினான் சார்? நான் வேணும்னே சைக்கிள எடுத்துக்கினு போயிட்டேன்னா? இது பன்னண்டு வருசமா மிதிச்ச காலு சார். அதுக்குப் புத்தி கெடையாது. ஊட்டுக்கு வந்து படுத்துட்டேன். மழ சத்தத்துல முழிச்சுப் பாக்கறேன், வாசல்ல சைக்கிளு நிக்குது. அய்யோ, அவன் அங்க நிப்பானேன்னு சட்டகூட போடாம மிதிச்சேன். கேட்டாண்ட வந்தா, வாட்ச்மேன் சொல்றான், இப்பத்தான் போனாருன்னு. ரோட்டுல காணோம். பண்ணைக் காட்டு வழியா குறுக்க போயிருப்பான்னு அதுல போய்த் தேடினேன். சேத்துல சைக்கிள தோள்மேல தூக்கிக்கினு ‘டேய் டேய்’னு கத்திக்கினே போனேன். அவன் ஏரிக்கரை மேல வந்து ஊட்டுல படுத்துட்டான். நான் அங்க கத்திக்கினு கெடக்கேன்.”

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். படம் பார்க்காதவன்தானே, சிரிக்கிற வேகத்தில் இதுவும் அந்தப் படத்தில் வருகிறது என்றே நினைத்தேன். முனிசாமிதான் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “படத்துல சைக்கிளே கெடையாதே...” என்று முணுமுணுத்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் நிறுத்தினான். கொஞ்சம் கொஞ்சமாகக் கேன்டீன் முழுக்க அடங்கிப்போயிற்று.

துண்டு அசையவில்லை. கரியப்பன் பின்னால் கைவிட்டு மெதுவாகத் தட்டினார். “டேய், உள்ள இருக்கியா?”

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “ஏன்டா அன்னிக்கே சொல்லல?” என்றது துண்டு.

“நீ எங்க கேட்ட? கொழாயடியில அத்தினி பேரு முன்னாடி, வழியில வுட்டுட்டுப் போறவன்னு சொன்ன. நான் வுட்டுட்டுப் போறவனா? அப்டிச் சொன்னவன்கிட்ட இன்னாத்த சொல்றது?”

“சொன்னேன்.”

“சொன்னல்ல?”

“சொன்னேன்டா. தப்புதான்டா.” துண்டு குலுங்கியது. “புள்ள கல்யாணத்துக்குச் சைவப் பந்தி. கரண்டி நீதான்.”

“அத்த வெளிய வந்து சொல்லு.”

“வெளிய வந்தா அழுதுடுவேன். இத்தினி பேரு முன்னாடி என்னிய அழச் சொல்றியா?”

சங்கு ஊதியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கரியப்பன் முதுகில் லால் பாஷாவைச் சுமந்தபடியே கேன்டீன் வாசலைத் தாண்டி வெளியே போனார். அன்று மதியம் வார்ப்பு நேரத்தில் அவர்கள் போட்ட ‘நில்லு’, ‘சாய்’ சத்தம் என் ஸ்டோர் ரூம்வரை கேட்டது. அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கத்தினார்கள்.

சைக்கிளை மாட்ட ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. செயின் ஏறவில்லை, போல்ட் ஒன்று காணாமல் போயிருந்தது. “நீதான் தொலச்ச”, “உன் பங்குலதான் இருந்துச்சு” என்று திட்டிக்கொண்டே மாட்டினார்கள். நான் ஸ்டோரிலிருந்து ஒரு போல்ட் கொண்டுவந்து கொடுத்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு அது. சபீஹா எண்ணெய் போட்ட முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது சத்தமில்லாமல் ரொம்ப நேரம் சுற்றியது.

நிக்காஹ் அன்று விடியற்காலையிலேயே பனியில் கரியப்பன் தனி அடுப்பு மூட்டிவிட்டார். சோறு, பிதுக்கப்பருப்புக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம், பாயசம். தலையில் முண்டாசும் கையில் கரண்டியுமாக நின்று, “பயப்படாம உக்காருங்க, இது என் அடுப்பு” என்று ஒவ்வொரு பந்திக்கும் சொன்னார். நான் இரண்டு பந்தியில் உட்கார்ந்தேன். லால் பாஷா பிரியாணி அண்டாவிலிருந்து ஓடி ஓடி வந்து, தொடாமல் தூரத்தில் நின்று, “போதுமாடா? உப்பு செரியா இருக்குதாடா?” என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு ஒரு சாக்கு.

மத்தியானம் பொண்ணை அனுப்புகிற நேரம். பர்கூருக்குப் போக வாசலில் ஒரு டெம்போவும் பொண்ணுக்கு ஒரு காரும் நின்றன. கட்டில், அண்டா, மெத்தை எல்லாம் ஏறியாயிற்று. பச்சை கலர் பீரோவைக் கரியப்பனும் முனிசாமியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ஏற்றினார்கள். ஃபகருன்னிசா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சாந்தம்மா அவர்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதாள். சபீஹா காரில் ஏறப்போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“அத்தா எங்க?”

லால் பாஷா எங்கள் வரிசையின் கடைசிச் சுவரோரம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். புதுச்சட்டை முதுகு வியர்த்திருந்தது. துண்டைத் தலையோடு போர்த்தி முகத்தை மூடியிருந்தார். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நேரமாகிறது என்றார்கள். ஃபகருன்னிசாவின் அண்ணன் போய்த் தோளைத் தொட்டார், லால் பாஷா உதறிவிட்டார். நான் போய், “பாய்...” என்றேன்.

கரியப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். போய் லால் பாஷாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, துண்டின் மேல் இரண்டு தட்டு தட்டினார்.

“டேய், உள்ள இருக்கியா?”

கார் டிரைவர்கூட இன்ஜினை நிறுத்திவிட்டான். பிறகு அந்தத் துண்டுக்குள்ளிருந்து, மூக்கடைத்த குரலில் வந்தது.

“இல்ல... ஊருக்குப் போயிட்டேன்.”

காருக்குப் பக்கத்தில் நின்ற சபீஹா அழுதுகொண்டே கொல்லென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் துண்டுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு இழுப்பு கிளம்பி, பாதியில் அழுகையாக உடைந்தது.

“செரி” என்றார் கரியப்பன். அவர் குரலும் சரியாக இல்லை. “வந்ததும் சொல்லு. புள்ள நிக்குது.”

கதையே இல்லாத படம் என்று எழுதியிருந்தான் அந்த விமர்சகன். இருக்கட்டும். அவன் மத்திகிரிக்கு வந்ததில்லை.

லால் பாஷா துண்டைத் தலையிலிருந்து எடுத்து அதாலேயே முகத்தை அழுத்தித் துடைத்தார். திரும்பி மகளைப் பார்த்தார்.

“வந்துட்டேன்” என்றார்.